நான்காவது பட்டை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் அரசாண்டது என்று தொடங்குவது மரபு. இந்தக் காட்டையும் சிங்கம்தான் ஆண்டது. ஆனால், அதைக் கண்ணால் கண்டவர் எவரும் இலர். அதன் கையொப்பத்தை மட்டுமே எல்லாரும் கண்டிருந்தனர். அக்கையொப்பத்தின்கீழ் ஒரு படை இயங்கியது. அப்படையை ஒரு விதிப்புத்தகம் இயக்கியது. அந்தப் புத்தகத்தின்மேல் ஓர் ஆமை அமர்ந்திருந்தது.

ஆமையின் பெயர் மெய்யப்பர். அவர் படையின் தலைமை எழுத்தர். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர் ஒருவருக்கே தெரியும். ஏனெனில், அவர் அதைவிட்டு இறங்கியதே இல்லை.

அப்படையில் பதவியைப் பட்டை கொண்டு அறிவர். இடக்கையில் வெள்ளை வாழைநாரால் ஒரு பட்டை கட்டியவர் லான்ஸ் நாயக். இரண்டு கட்டியவர் நாயக். மூன்று கட்டியவர் ஹவில்தார். ஒன்றும் கட்டாதவர் சிப்பாய். எதிரில் வரும் பட்டைக்கெல்லாம் வணக்கம் வைப்பதும் வெங்காயம் உரிப்பதும் அவர் கடமை.

கார்மேகம் என்னும் கரடி அங்கே ஹவில்தாராக இருந்தார். பதினேழாண்டுப் பணி. முதற்பட்டை, காட்டுத்தீயில் தானியக் கிடங்கைக் காத்ததற்காகக் கிடைத்தது. இரண்டாவது, வெள்ளத்தில் சிக்கிய எருமையொன்றை அதன் விருப்பத்துக்கு மாறாகக் கரையேற்றியதற்காக. மூன்றாவது, பதினோராண்டு எதைப் பற்றியும் கேள்வி கேட்காமல் இருந்ததற்காக. மூன்றிலும் கடினமானது அதுதான்.

அவருக்கு ஒரே ஒரு குறை. பட்டையைக் கட்டிக்கொண்டு பத்தடி நடப்பதற்குள் அது அடர்ந்த கரிய உரோமத்துள் அமிழ்ந்துவிடும். பதினேழாண்டாக அதனால் இடர் ஒன்றும் நேரவில்லை. அவர் குரலைக் கேட்டாலே எல்லாரும் விறைத்து நிற்பார்கள்.

அவ்வாண்டு சித்திரையில் வேம்பன் என்னும் அணில் படையில் சேர்ந்தான். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். தென்னந்தோப்பு வேலை போய்விட்டதால் நாட்டுப்பற்றுக் கொண்டவன். முதல்நாள் பயிற்சியில் கார்மேகம் வரிசையைத் திரும்பச் சொன்னார். வேம்பன் திரும்பினான். பின்னால் நின்ற முயல்கள் அவன் முதுகைப் பார்த்தன. ஒன்று, இரண்டு, மூன்று. உடனே விறைத்து நின்று வணக்கம் வைத்தன.

"யாருக்கு வணக்கம்?" என்று கேட்டார் கார்மேகம்.

"ஹவில்தாருக்கு, ஐயா."

"ஹவில்தார் நான்."

முயல்கள் அவருடைய இடக்கையைப் பார்த்தன. உரோமத்தைப் பார்த்தன. பிறகு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"இருக்கட்டும், ஐயா" என்றது ஒரு முயல், பெருந்தன்மையோடு.

கார்மேகம் அணிலைத் தனியே அழைத்தார். "என்ன வேலை செய்தாய்?"

"நான் ஒன்றும் செய்யவில்லை, ஐயா. திரும்பி நின்றேன். அவ்வளவுதான்."

"இனிமேல் திரும்பி நிற்காதே."

"நேராக நின்றால் என்னை யாரும் மதிப்பதில்லை, ஐயா. வீட்டிலும் அப்படித்தான்."

ஆனி மாதத்தில் புதிய தளபதி வந்தார். பெருந்தேவி என்னும் பெண் யானை. கண்ணில் படாத எதையும் நம்பாதவர் என்று பெயர் பெற்றவர். வந்த அன்றே ஓர் ஆணை பிறப்பித்தார். மெய்யப்பர் அதை மூன்று முறை படித்துக் காட்டினார்.

"ஆடி முதல் நாள் ஆய்வு நடைபெறும். அன்று கண்ணுக்குத் தெரியும் பட்டையே பட்டை. தெரியாத பட்டை இல்லாத பட்டை. பட்டை இல்லாதவர் சிப்பாய். பதினைந்தாண்டு நிறைந்த சிப்பாய், வீட்டுக்குப் போகலாம்."

கார்மேகம் பதினேழிலிருந்து பதினைந்தைக் கழித்துப் பார்த்தார். அவருடைய வீடு மேற்கு மலைச்சரிவில் இருந்தது. அங்கே அவர் மனைவி சடைச்சியைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. 'ஹவில்தாரம்மா' என்றே அழைப்பர். கோடையில் சுனை வற்றும்போதும் முதல் மடக்கு நீர் ஹவில்தாரம்மாவுக்கே. பன்றிகள்கூட ஒதுங்கி வழிவிடும். இனி அந்தப் பன்றிகளுக்குப் பின்னால் சடைச்சி நிற்க வேண்டுமா என்று எண்ணியதும் அவர் நேரே எழுத்தரிடம் போனார்.

"ஐயா, பதிவேட்டில் எனக்கு மூன்று பட்டை என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள்."

"எழுதியிருக்கிறேன்" என்றார் மெய்யப்பர். "உமக்குப் பட்டை கொடுத்தோம் என்று பதிவேடு சொல்லும். அது உம்மிடம் இருக்கிறது என்று சொல்லாது."

"கொடுத்தது எங்கே போய்விடும்?"

"அதைத்தான் ஆய்வில் உம்மைக் கேட்கப்போகிறார்கள்."

"அப்படியானால், கையில் மட்டும் உரோமத்தை மழித்துக்கொள்கிறேன்."

"படையினரின் உரோமம் அரசின் உடைமை. விண்ணப்பம் கொடும். கார்த்திகைக்குள் மறுமொழி வரும்."

கார்மேகம் தம் மார்பைக் காட்டினார். கரடி இனத்துக்கே உரிய வெண்ணிறப் பட்டை ஒன்று வளைந்து அங்கே பளிச்சென்று கிடந்தது. "இதை ஒன்றாகவாவது கணக்கில் கொள்ளக் கூடாதா?"

"மார்பு பதக்கத்துக்கு உரிய இடம். அங்கே பட்டை வைத்திருப்பது குற்றம். நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன், மூடும்."

"அணிலுக்கு முதுகில் இருக்கிறதே?"

"முதுகைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. விதியே வாய் திறக்காதபோது நான் திறக்கலாமா?"

அதன்பின் கார்மேகம் தம் அறிவுக்கு எட்டியதையெல்லாம் செய்து பார்த்தார். சுண்ணாம்பைக் குழைத்து மூன்று கோடு போட்டார்; ஆனிச் சாரல் அதைக் கழுவிக்கொண்டு போயிற்று. பிறகு வாழைநாரைத் தேன் தடவி உரோமத்தின்மேல் ஒட்டினார். அது நன்றாகவே ஒட்டியது. ஆனால், ஒத்திகை நாள் காலையில் அணிவகுப்புத் திடலுக்கு வந்து சேர்வதற்குள், மூன்று வெள்ளைப் பட்டைகளின்மேலும் எறும்புகள் மூன்று கறுப்பு வரிசையாக ஏறி நின்றன. ஒழுங்கில் குறை சொல்ல முடியாத வரிசைகள்.

பெருந்தேவி உயரத்திலிருந்து பார்ப்பவர். உயரத்திலிருந்து பார்ப்பவர்க்கு முதலில் தெரிவது முதுகு. "அந்த ஹவில்தாரை முன்னால் வரச் சொல்லுங்கள்" என்று அணிலைச் சுட்டினார். பிறகு கார்மேகத்தைப் பார்த்தார். "அந்தச் சிப்பாயின் கையில் ஏன் எறும்பு ஊர்கிறது? சமையற்கட்டுக்கு அனுப்புங்கள். ஆய்வு நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் பட்டை தெரிந்தால் பார்ப்போம்."

கார்மேகம் வெங்காயக் குவியலின்முன் அமர்ந்தார். ஒத்திகைக்கு நடுவே வேம்பன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, சற்றுப் பொடியாக நறுக்குங்கள்."

"அண்ணனா? காலையில் ஐயா என்றாயே."

"காலையில் நீங்கள் ஹவில்தார். இப்போது அண்ணன் என்பதே பழகிய பாசத்தில். முயல்கள் பெயர் சொல்லிக் கூப்பிடத் துடிக்கின்றன. நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்."

அவன் வரிசைக்குத் திரும்பிய சற்று நேரத்தில், அடுத்த காட்டுப் புலி எல்லையைத் தாண்டித் திடலுக்குள் நுழைந்தது.

முயல்கள் அதன் உடம்பைப் பார்த்தன. எண்ணத் தொடங்கின. நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு வணக்கம் வைத்தன. "அணி, நேர் நில்" என்றான் வேம்பன். படை நேராக நின்றது.

பெருந்தேவி மெல்லக் குனிந்து எழுத்தரிடம் கேட்டார். "இது பகைவன் அல்லவா?"

"பகைமை வெளியுறவைச் சார்ந்தது, மேடம். பட்டை நம்மைச் சார்ந்தது."

"நகரலாமா?"

"மேலதிகாரி பார்வையிட்டு முடிக்கும்வரை நகரலாகாது."

புலி திகைத்தது. துரத்திப் பிடிப்பதே அதற்குப் பழக்கம். வரிசையில் நின்று வணக்கம் வைக்கும் இரையை அது பிறந்தது முதல் கண்டதில்லை. வரிசை நெடுக மெல்ல நடந்தது. ஒரு கொழுத்த முயலின்முன் நின்றது.

"உன் எடை என்ன?"

"நான்கு சேர், ஐயா."

"நன்று. ஓரடி முன்னால் வா."

முயல் வந்தது. அடி பிசகவில்லை.

சமையற்கட்டில் கார்மேகத்தின் கண்களில் நீர் தாரைதாரையாக வடிந்துகொண்டிருந்தது. பார்வை முழுதும் மங்கிவிட்டது. ஆனால், கரடிக்குக் கண்ணைவிட மூக்கே பெரிது; ஒரு மூட்டை வெங்காயத்தையும் மீறிப் புலி நாறியது. சோறு கிளறும் இரும்புச் சட்டுவத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். எதிரே மஞ்சளாக ஏதோ ஒன்று கலங்கித் தெரிந்தது. அதன் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஓங்கி ஓர் அடி வைத்தார். மூக்கு அங்கேதான் இருந்தது.

புலி உறுமிக்கொண்டு அவருடைய இடக்கையில் அறைந்தது. அவர் வலக்கையால் இரண்டாம் அடியை வைத்தார். புலி அதுவரை எந்த ஆய்விலும் அடி வாங்கியதில்லை. வந்த வழியே திரும்பி ஓடிவிட்டது. படை அப்போதும் நேராகவே நின்றது. கார்மேகத்தின் கையிலிருந்து குருதி சொட்டி, கொக்கு மருத்துவர் வந்து கட்டுப் போட்டு முடித்த பின்னரே, 'இயல்பாய் நில்' என்று தான் சொல்ல வேண்டும் என்பது வேம்பனுக்கு நினைவு வந்தது.

ஆய்வுக்கு முதல்நாள் மாலை கொக்கு கட்டைப் பிரித்தது. "காயம் ஆறிவிட்டது. ஆனால், இந்த இடத்தில் இனி உரோமம் முளைக்காது. வருந்தாதீர்கள்."

கார்மேகம் குனிந்து பார்த்தார். கரிய கையில் வெளிறிய கோடுகள், திடலின் மறுகோடியிலிருந்தும் தெரியும்படி பளிச்சென்று கிடந்தன. பதினேழாண்டில் முதன்முறையாக அவருடைய பட்டைகளை அவரே பார்த்தார். மகிழ்ச்சியோடு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று.

நான்கு.

மீண்டும் எண்ணினார். மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் நான்குதான். புலி கஞ்சத்தனம் செய்யவில்லை.

மறுநாள் திடலில் மெய்யப்பர் ஒரு கோப்பை விரித்தார். "சிப்பாய் கார்மேகத்தின்மேல் இரண்டு குற்றச்சாட்டு. முதலாவது, மேலதிகாரி ஒருவரை, அவர் அணியைப் பார்வையிடும்போது, சட்டுவத்தால் அடித்தது. பாதிக்கப்பட்டவரின் மனு இரண்டு நகல்களாக முறையாக வந்திருக்கிறது."

"அது புலி, மேடம்" என்றார் கார்மேகம்.

"புலி என்பது இனம். நாம் பதவியைப் பற்றிப் பேசுகிறோம்" என்றார் மெய்யப்பர்.

"அதன் பட்டையை நான் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் வெங்காயம்."

பெருந்தேவி எழுத்தரைப் பார்த்தார். "இவரை வெங்காயம் உரிக்க அனுப்பியது யார்?"

"தாங்கள்தான், மேடம்."

"அந்தக் குற்றச்சாட்டை விட்டுவிடுங்கள். அடுத்தது?"

"கையில் நான்கு பட்டை. இப்படையில் நான்கு பட்டைக்குப் பதவி கிடையாது. இல்லாத பதவியின் சின்னத்தைத் தாங்குவது ஆள்மாறாட்டம். தண்டனை, உடனே வீட்டுக்கு."

"புதிதாக ஒரு பதவியை உண்டாக்க முடியாதா?"

"முடியும், மேடம். ஆறாண்டாகும்."

எல்லாரும் கார்மேகத்தைப் பார்த்தார்கள். அவர் தம் கையைப் பார்த்தார். மேற்கு மலைச்சரிவும், சுனையும், பன்றிகளின் வாலும் அவர் கண்முன் வந்தன. பதினோராண்டு அடக்கி வைத்த வாய் திறந்தது.

"மேடம், புலி நான்கு நகத்தால் அடித்தது. மூன்று நகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும் பயிற்சி எனக்கு இந்தப் படையில் யாரும் அளிக்கவில்லை."

"பயிற்சிக் குறைபாடு. குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் பெருந்தேவி. ஆனால், அவர் தும்பிக்கை தண்டனை ஆணையை நோக்கி நீண்டது.

அப்போது வரிசையிலிருந்து வேம்பன் ஓரடி முன்னால் வந்தான். அன்று அவனுக்கும் புலிக்கும் இடையில் நின்றவை இரண்டே முயல்கள். அந்தக் கணக்கைப் பன்னிரண்டு நாளாக அவன் மறக்கவில்லை. வாயில் ஒரு துணிக்கிழிசலைக் கவ்வியபடி கரடியின் கைமேல் ஏறினான். நான்காவது தழும்பின்மேல் அதைச் சுற்றி இறுக முடிச்சுப் போட்டான்.

"தெரியாத பட்டை இல்லாத பட்டை என்பது ஆணை. சரிதானே, மேடம்?"

பெருந்தேவி தம் ஆணையைத் தாமே ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு எண்ணினார். "ஒன்று. இரண்டு. மூன்று. ஹவில்தார்."

"கட்டுக்கு மருத்துவச் சான்று வேண்டும்" என்றார் மெய்யப்பர். "மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டும். காயம் ஆறிவிட்டால் சான்று கிடைக்காது. சான்று இல்லையென்றால் கட்டு இல்லை. கட்டு இல்லையென்றால் நான்கு."

"மூன்று காயம் ஆறிவிட்டன, நான்காவது ஆறவில்லை, ஆறவும் ஆறாது" என்று கொக்கு அங்கேயே எழுதிக் கொடுத்தது.

வேம்பன் இறங்கும்போது மெல்லச் சொன்னான். "முடிச்சு இறுக்கமாக இருந்தால் சொல்லுங்கள், ஐயா."

"இப்போது மறுபடியும் ஐயாவா?"

"பட்டை தெரிகிறதே, ஐயா."

ஆய்வின் முடிவில், புலியின்முன் அசையாமல் நின்ற வீரத்துக்காகப் படையினர் அனைவருக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. அன்று வரிசையில் இல்லாதவர் கார்மேகம் ஒருவரே. ஆகவே, பட்டியலில் அவர் பெயர் இல்லை.

விடுப்பில் அவர் மலைச்சரிவுக்குப் போனபோது, சுனையருகே பன்றிகள் வழக்கம்போல் ஒதுங்கி வழிவிட்டன. சடைச்சி நிதானமாக முதல் மடக்குக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, கணவரின் கையைப் பார்த்தாள்.

"மூன்று பட்டையும் நன்றாகத் தெரிகிறது. கீழே அது என்ன கட்டு?"

"புலியை விரட்டியதற்கு" என்றார் கார்மேகம். "வெளியே சொல்லிவிடாதே."

நீதி: நாட்டுக்காகக் காயம் படுக, ஆனால், விதிப்புத்தகம் ஏற்கும் எண்ணிக்கைக்கு மேல் படற்க. மிஞ்சிய வீரத்தைத் துணி சுற்றி மறைக்க.