நாலு கால் அம்பிளிபயர்

இந்த முறை வாசிகசாலை விளையாட்டுப் போட்டிக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கக் கூடாது என்று கேதீஸ்வரன் கூட்டத்தில் எழும்பி நின்று முழங்கினார்.

"அம்பிளிபயர் என்ரை கையாலை வரும்!"

பின்வரிசை வாங்கிலில் இருந்த பக்கத்து வீட்டுக் கிறகோரி தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் ஊரில் ஆளாளுக்குத் தங்கள் பிழையைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

"தம்பி கேதீஸ், போன வருசம் நீர் செய்த கரண்ட் மணி ஒருதரும் அமத்தாமலே அடிச்சது. பேந்து நிப்பாட்டின பிறகும் அடிச்சது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கேதீஸ்வரனின் காது சிவந்தது.

"வாற சனிக்கிழமை போட்டியிலை நீங்களே அதிலை கதைப்பியள், அண்ணை. அது வேலை செய்யாட்டி நான் இந்த வாசிகசாலைப் படி மிதிக்கமாட்டன்!"

சொல்லிவிட்டுத்தான் யோசித்தார். காலையில் ஓசிப் பேப்பரும், அதன் மேல் ஒரு வாக்குவாதமும் இல்லாவிட்டால் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது.

அம்பிளிபயர் வேலை செய்யத்தான் செய்தது. ஆனால் வயிறு கீறின மீன்போல மேசையில் குடலெல்லாம் தெரியக் கிடந்தது. அதைக் கொண்டுபோக ஒரு பெட்டி வேண்டும். மலிவாக இருக்கவேண்டும், பலமாகவும் இருக்கவேண்டும்.

முதலில் காட்போட் பெட்டி. சூட்டில் அதன் முதுகு கருகி, வீடு முழுக்கச் சுட்ட கருவாட்டு மணம். அடுத்தது ஐஸ்கிறீம் டப்பா. மேலே பிடித்துத் தூக்கினார். டப்பா வந்தது, அடிப்பாகமும் ட்ரான்ஸ்போமரும் வர மறுத்துவிட்டன. மூன்றாவது பிஸ்கற் தகரம். ஆகா, என்ன பலம்! மூடியை அழுத்தினார். வயர் ஒன்று தகரத்தில் முட்டியது. 'டப்!' வீடு இருண்டது, சோற்றுக் குக்கர் நின்றது.

குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "கரண்ட் போயிட்டுதோ, இல்லாட்டி நீங்கள் போயிட்டியளோ?"

அது உதயகலா. அவர் மனைவி.

சாவகச்சேரி எலக்ரோனிக்ஸ் கடையில் போய்க் கேட்டார். கடைக்காரப் பொடியன் மூக்கால் இழுத்து இழுத்துச் சொன்னான்: "மலிவும் வேணும், பலமும் வேணும், சூடாகவும் கூடாது, மழைக்கும் பயப்பிடக் கூடாது எண்டால்... அண்ணை, நீங்கள் தேடுறது பெட்டியை இல்லை, மாப்பிள்ளையை."

வெறுங்கையோடு திரும்பிவந்தவருக்கு முன்னால் உதயகலா தேத்தண்ணியை வைத்துவிட்டு, போகாமல் இருந்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் அவருடைய வேலை மேசைக்கு வந்ததெல்லாம் தூசி தட்டத்தான். போன மாதம் புள்ளிக்கோழியை மரநாய் கொண்டுபோனதிலிருந்து 'கோழிக்கூடு, கோழிக்கூடு' என்று அரித்துக்கொண்டிருந்தவள். "நான் எலக்ரோனிக்ஸ்காரன், கோழிக்கு வீடு கட்டுற மேசனோ?" என்று அவர் சீறிய பிறகு அந்தப் பேச்சையே விட்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, உந்தப் பெட்டியைப் பனஞ்சிலாகைச் சட்டத்திலை அடிச்சால் என்ன? பழைய வீட்டுக் கூரையைத் தாங்கினது பின்னுக்குச் சும்மா கிடக்கு."

கேதீஸ்வரன் நிமிர்ந்தார். பனைமரம்! காசில்லை. இரும்பு மாதிரி. கரண்டும் கடத்தாது.

"உமக்கு உது எப்பிடித் தெரியும்?"

"உங்களோடை இருக்கிறன்தானே. சூடாகுமெண்டியள். மூண்டு பக்கமும் கம்பிவலை அடிச்சால் காத்துப் போகாதோ?"

"காத்தோட்டம்! அதைத்தான் நானும் யோசிச்சனான்."

"வலை சின்னக் கண்ணாய் இருக்கட்டும். ஏதும் பூந்து கடிச்சுப்போடும்."

"எலி!"

"ஓம், எலி," என்றாள் உதயகலா, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"பேந்து?"

"மைதானத்திலை மழை பெய்தால் வெள்ளம் நிக்கும். நாலு கால் வையுங்கோ. மேலுக்குத் தகரம், சரிவாய். முன்னுக்கு ஒரு கதவு, வெளியாலை கொளுக்கி. கண்டவனும் திறந்து பொத்தானைத் திருகக் கூடாதெல்லோ."

"கூடவே கூடாது!"

"உள்ளுக்குக் குறுக்கை ஒரு தடி."

"தடி ஏன்?"

உதயகலா ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தாள். அது அவருடைய தேத்தண்ணி.

"வயரைத் தொங்கவிட."

"எடியாத்தை! நீர் மட்டும் இந்தத் துறையிலை படிச்சிருந்தால்!"

"என்ன செய்யிறது. சமைச்சே காலம் போயிட்டுது."

மூன்று பகல் கேதீஸ்வரன் பனையோடு மல்லுக்கட்டினார். ஆணி அடித்தால் ஆணி வணங்கியது, பனை வணங்கவில்லை. அரிந்தார், துளைத்தார், நகம் கறுத்தது. விடவில்லை. வாசிகசாலைப் படி கண்ணுக்குள்ளேயே நின்றது.

கிறகோரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன கேதீஸ், வைரவருக்குக் கோயிலோ?"

"அம்பிளிபயருக்குப் பெட்டி!"

"ஓ. அம்பிளிபயர் குடும்பத்தோடையோ குடிவருது?"

சனிக்கிழமை விடிந்தது. அம்பிளிபயரைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு கேதீஸ்வரன் பின்பக்கம் வந்தார். நேற்று விறாந்தையில் விட்ட பெட்டி இன்று முருங்கையடியில் நின்றது. குறுக்குத் தடியில் கோழிகள் வரிசையாகக் குந்தியிருந்தன. சேவல் வலைக்கு அந்தப்பக்கம் நின்று 'ஆரப்பா நீர்?' என்பதுபோலப் பார்த்தது. வைக்கோலில் ஒரு முட்டை.

"உதயகலா! என்ரை பெட்டிக்குள்ளை கோழி!"

"ஓமப்பா. நல்ல காத்தோட்டமாம்."

"அம்பிளிபயரை நான் எங்கை வைக்கிறது? கிறகோரி அண்ணைக்கு என்னத்தைச் சொல்லுறது? நான் இனி வாசிகசாலைப் பக்கம் போகேலாது..."

உதயகலா முந்தானைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். அவருடைய பழைய சாப்பாட்டுப் பெட்டி.

"தடிச்ச பிளாஸ்ரிக், கரண்ட் கடத்தாது. பாரம் தாங்க அடியிலை சிலாகைத் துண்டு பூட்டிக் கிடக்கு. சூடு போகக் கம்பி காய்ச்சி ஓட்டை போட்டனான். அளந்தும் பாத்தனான், அளவாய் இருக்கும்."

இருந்தது. மூடி 'டிக்' என்று பூட்டிக்கொண்டது.

"உந்தப் பெட்டியை எப்ப செய்தனீர்?"

"நீங்கள் கூடு அடிக்கேக்கை."

மைதானத்தில் சனம் நிறைந்திருந்தது. கிறகோரி மைக்கைச் சந்தேகமாக முகர்ந்துவிட்டுச் செருமினார். அந்தச் செருமல் பனந்தோப்பு வரை போய் முட்டித் திரும்பி வந்தது. கை தட்டல்! கேதீஸ்வரன் மார்பை நிமிர்த்திக் கண்ணை மூடினார்.

"அன்பான பொதுமக்களுக்கு முதலாவது அறிவித்தல்! மரநாய் புகாத கோழிக்கூடு தேவையான ஆக்கள் உதயகலா தங்கச்சியிட்டைப் பேர் குடுக்கவும். அடிச்சுத் தாறவர் எங்கடை கேதீஸ்வரன். எனக்கு ஒண்டு சொல்லியாச்சு!"

அம்பிளிபயர் ஓர் எழுத்தைக்கூட விழுங்கவில்லை.