பால் காய்ச்சிய வீட்டில் நான் வாசித்த படலம்

பழைய பெரிய நூல்களில் எதை முதலில் படிக்கலாம், எங்கே ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால், அடுப்பில் ஏதோ வைத்தவள் போல எழுந்து சமையலறைக்குள் போய்விடுவேன். காரணம் வெட்கம்தான்.

எழுபதுகளின் கடைசியில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாமியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தக் காலத்துப் புத்தகமெல்லாம் படிப்பியாம்மா?" எங்கள் ஊரான பாரிட் புந்தாரில் அப்பாவின் மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்க வரும் பழைய வாரப் பத்திரிகைகளைத் தவிர நான் எதையும் படித்தவளில்லை. (அதிலும் தொடர்கதைக்கு முந்தின வாரமும் இருக்காது, அடுத்த வாரமும் இருக்காது.) மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தேன். லட்சணமாக இருந்தார். "எல்லாம் படிச்சிருக்கேன் அத்தை" என்று சொல்லிவிட்டேன்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முப்பது வருஷம் சிம்பாங் பூலாய் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். கதை கேட்பதென்றால் அவருக்கு உயிர். "என் மருமக எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சவ" என்று தோட்டத்து லயம் வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஜெலாப்பாங்கில் சொந்த வீடு வாங்கிப் பால் காய்ச்ச நாள் குறித்ததும், "அன்னிக்கு நீ வாசிக்கிற. தோட்டமே கேட்க வருது" என்றார். ஒரு வாரம்தான் இருந்தது.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிரும். வா, ஈப்போ டவுனுக்குப் போலாம்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

பழைய புத்தகக் கடை பாய் என்ன வேண்டும் என்று கேட்டார். "பழசா, பெருசா, நல்லதா" என்றேன்.

"எல்லாம் அப்படித்தாம்மா இருக்கு."

"எங்கருந்து ஆரம்பிச்சா நல்லாருக்கும்?"

"மொதப் பக்கம்னு ஒன்னு இருக்குலா" என்றார் பாய்.

தலையணை கனத்தில் ஒரு பழைய இதிகாசத்தோடு வந்து சேர்ந்தேன். முதல் பக்கத்தில் ஒரு ராஜா. அவருக்கு அப்பா, அந்த அப்பாவுக்கு அப்பா. மூன்று நாள் படித்தும் கதாநாயகன் பிறக்கவில்லை. நான்காம் நாள் ஆத்திரத்தில் புத்தகத்தை மேசையில் போட்டேன். தானாக ஓரிடத்தில் விரிந்தது. மூடிவிட்டு மறுபடி போட்டேன். அதே இடம். அந்தத் தாள்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டுப் பழந்துணி போல மெத்தென்று இருந்தன, ஓரத்தில் எண்ணெய்க் கறை வேறு. எல்லோரும் படித்த பக்கம்தானே அருமையான பக்கம்? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். வீரன் ஒருவன் போர்க்களத்தில் உயிர்விடும் படலம் அது. படித்துப் படித்து அழுதேன். எந்த இடம் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "அன்னிக்குக் கேட்டுக்குங்க" என்று மிதப்பாகச் சொன்னேன்.

பால் பொங்கியது. பாயில் உட்கார்ந்து, புத்தகத்தை மணையில் வைத்து, ராகம் இழுத்து நாலு வரி வாசித்தேன். கூடம் கப்பென்று அடங்கியது. சபையைக் கட்டிப்போட்டுவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வரிக்கு ஆண்கள் ஒவ்வொருவராகத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். தாமதமாக வந்த ஒரு அக்கா வாசலிலேயே நின்று கேட்டார். கொண்டு வந்த பழத்தட்டைப் பக்கத்து வீட்டு மதிலில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்து, "யாருப்பா போனது? காலைல நல்லாத்தானே இருந்தாங்க?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

அவர் என் காதருகே குனிந்தார். "ஏய், இது எழவு வீட்டுல கருமாதிக்கு முந்தின நாள் வாசிக்கிறதுலா."

கடைக்காரன் மகளுக்குத் தோட்டத்து வழக்கம் என்ன தெரியும்? யாரோ ஒரு தோட்டத்தில் எழவு எழவாகப் போய் வந்த புத்தகத்தைத்தான் நான் வாங்கியிருக்கிறேன். புத்தகத்தை மூடப் போனேன். அத்தை என் கையைப் பிடித்தார்.

"நிறுத்தாத. பாதியில விட்டா அவன் உசுரு அந்தரத்துல நிக்கும். சொர்க்கத்துல சேர்த்துட்டு எந்திரி."

சேர்த்தேன். தோட்டமே அழுதது. பாயாசம் ஆறிப்போனது.

எல்லோரும் போனபின் அத்தையிடம், நான் ஒன்றுமே படித்ததில்லை என்று சொல்லி ஓவென்று அழுதேன். அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "அப்ப நீயும் என்னைப் போலத்தான். இனிமே சேர்ந்து படிப்போம். ஆனா வீட்டுக்கு வந்த எழவு மொதல்ல போகணும். வெள்ளிக்கு வெள்ளி கல்யாணப் படலத்த வாசி."

பத்து வருஷம் வாசித்தேன். கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் மற்ற கதைக்கே போவோம். அந்தப் பெரிய புத்தகத்தை நான் முழுசாகப் படித்தது அப்படித்தான்.

பிறகு அத்தை தவறிவிட்டார். கருமாதிக்கு முந்தின நாள், அதே கூடம், அதே தோட்டத்து ஆட்கள். புத்தகத்தை மணையில் வைத்தேன். தானாக விரிந்தது. கண்ணில் நீர், எழுத்துத் தெரியவில்லை. வாய் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனது. தாலி கட்டும் இடம் வந்தபோதுதான் வீட்டுக்காரர் குனிந்து, "இது கல்யாணம்லா" என்றார்.

"நிறுத்தட்டுமா?"

"வேணாம். அம்மாவுக்குப் பிடிச்ச இடம். முடிச்சிட்டே எந்திரி."

இன்றைக்கும் என் கொழுந்தனார் எந்த விசேஷத்துக்கு அழைக்க வந்தாலும் பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு, வாசல்வரை போய், திரும்பி நின்று சொல்வார்: "குடும்பத்தோட வந்துருங்க அண்ணி. புத்தகம் மட்டும் வீட்டுலயே இருக்கட்டும்."