ஹைப்பர்போலாவுக்கு இரண்டு அப்பம்

திருவனந்தபுரத்தில் கணக்குப் படிப்பதற்காக அப்பத்தை அறுத்த மனுஷர் ஒருவர்தான். அந்த அப்பத்தாலேயே கணக்குப் பரீட்சையில் தோற்றவரும் அவர் ஒருவர்தான். இந்த இரண்டு சாதனையையும் முறியடிக்க இனிமேல் ஒருவன் பிறந்து வரவேண்டும். பாளையம் வட்டாரம் முழுக்க அவரைக் கும்பிள் சாமி என்றுதான் கூப்பிட்டது. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு செம்புப் பானையோடு வந்து இறங்கியவன், இன்றைக்கு மூன்று ஹோட்டலுக்கு முதலாளி. என் பையன்கள் எல்லாம் காலேஜ் படித்தவர்கள்தான். ஆனால் சாம்பாரில் புளி தூக்கலாகிவிட்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? என்னை.

அப்போது, மகாராஜா ஆண்ட காலத்தில், எனக்கு இருந்தது காலேஜுக்குப் போகிற ரோட்டில் ஓலை வேய்ந்த ஒரு டீக்கடை. டீ எல்லாரும்தான் போட்டார்கள். என் கடைக்குக் கூட்டம் வந்தது கும்பிளப்பத்துக்கு. பிரிஞ்சி இலை மாதிரி மணக்கிற வயண இலையைக் கூம்பாகச் சுருட்டி, அதற்குள் அரிசிமாவும் வெல்லமும் பழமும் பிசைந்து அடைத்து, ஈர்க்குச்சி குத்தி ஆவியில் வேகவைப்பது. இலையைப் பிரித்தால் கோபுரம் மாதிரி நிற்க வேண்டும். மற்ற கடைகளில் அது படுத்துக்கொள்ளும். என் கடையில் நின்றது.

நின்றதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு நாள் குடுமி முடிந்த பையன் ஒருத்தன் வந்தான். ஸ்ரீவராகம் அக்கிரகாரம், அப்பாவுக்குக் கோயிலில் உத்தியோகம். இன்டர்மீடியட் படிக்கிறான். இப்போது பிளஸ் டூ என்கிறார்களே, அதுதான் அன்றைக்கு இன்டர்மீடியட். பையன் என்று எழுதிவிட்டேன்; அன்றைக்கே நான் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டேன், அப்படியே எழுதுகிறேன். ஒரு கும்பிளப்பம் வாங்கினார், இலையை உரித்தார், பெஞ்சில் நிறுத்தினார், பைக்குள்ளிருந்து ஈர நூல் ஒன்றை எடுத்தார். குறுக்கே ஒரு இழுப்பு. தலை தனியே வந்தது.

“வட்டம்,” என்றார்.

மிச்சத்தைச் சாய்வாக இன்னொரு இழுப்பு. “எலிப்ஸ்.” எழுந்து போய்விட்டார். ஒரு துணுக்குக்கூட வாயில் போடவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் டீ பொங்கி வழிந்தது. மறுநாள் வந்ததும் கேட்டுவிட்டேன்.

“சாமி, அப்பம் திங்கதுக்கு உள்ளது. அறுத்துப் போட்டுட்டுப் போகதுக்கு இல்ல.”

“கோவிச்சுக்காதேயும் பிள்ளே. நாங்க வெளியிலே ஒண்ணும் சாப்பிடறதில்லே. ஆசாரம்.”

“அப்படின்னா உங்க ஆத்திலயே செஞ்சு அறுக்கப்பிடாதா?”

“அம்மா செஞ்சா சரிஞ்சு போறது. உம்மதாக்கும் நேரா நிக்கறது.”

இப்படி ஒருவர் சொன்னபிறகு எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் உள்ளே உறுத்தல் போகவில்லை. ஊரே தின்கிற என் அப்பத்தை ஒருவர் மட்டும் நூல் போட்டு அறுத்துவிட்டுப் போகிறார். “என்னைக்காவது ஒரு நாள் திம்பீங்களா சாமி?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். “கணக்கு பாஸாகட்டும். அன்னிக்குப் பாக்கலாம்.”

அந்தக் கணக்கு அவருக்குச் சும்மா ஒரு பாடம் இல்லை. மற்ற பாடமெல்லாம் ஒரே மூச்சில் தேறிவிட்டார். கணக்கு மட்டும் ஏற்கனவே ஒரு தடவை காலை வாரியிருந்தது. அதிலும் தேறினால் பி.ஏ.யில் கணக்கே எடுத்துப் படிக்கலாம். இந்தத் தடவையும் போனால் பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பேரேடு எழுதுகிற ரைட்டர் வேலை என்று அப்பா சொல்லி வைத்துவிட்டார். கணக்கில் தோற்றவர் எதற்காகக் கணக்கே எடுக்கவேண்டும் என்று நான் கேட்டேன்.

“என்னைத் தோக்கடிச்சது அதுதானே பிள்ளே. அதை விட்டுட்டு வேற எதைப் படிக்கறது?”

நான் படிக்காதவன். ஆனால் இந்தப் பேச்சு எனக்குப் புரிந்தது. என்னைக் கையில் சுட்டது அடுப்புதான், நானும் அதன் முன்னால்தான் நின்றேன்.

அதற்கப்புறம் அவர் கும்பிள் சாமி ஆனார். கூம்பை நேர்குறுக்கே வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் எலிப்ஸ், அதன் சரிவோடு சேர்ந்தாற்போல் இறக்கினால் பாராபோலா. அறுத்த துண்டுகளை மற்ற பையன்கள் பங்கு போட்டுத் தின்றார்கள். “ஒரு பாராபோலா எடுக்கட்டே, சாமி?” என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டு கை நீட்டுவார்கள். எலிப்ஸுக்குத்தான் ருசி அதிகம் என்று ஒரு கட்சி. “நூல் அறுந்துபோனா என்ன சாமி, உங்க தோளிலே ஒண்ணு கெடக்கே” என்று ஒருத்தன் சீண்டினான். “அது முப்புரி. மூணு துண்டாப் போயிடும்,” என்றார் சாமி, தலை நிமிராமல்.

பிரச்சினை ஹைப்பர்போலாவில் வந்தது. அதற்கு இரண்டு அப்பம் வேண்டுமாம். ஒன்றின் மூக்கு மேல் இன்னொன்றைத் தலைகீழாக, மூக்கோடு மூக்காக நிறுத்தி, மேலிருந்து கீழாக ஒரே வெட்டு. ஒன்றுக்கொன்று முதுகு காட்டுகிற இரண்டு வளைவு வருமாம். நான் மேல் அப்பத்தைப் பிடிக்க, அவர் நூலை இழுக்க, பின்னால் டீ கேட்டு நிற்கிறவர்கள் எங்கள் இரண்டு பேரையும் திட்டுவார்கள்.

“இது இங்கே முடியப்பிடாது பிள்ளே. கீழேயும் மேலேயும் அப்பம் போயிண்டே இருக்கணும். அனந்தமா.”

“சாமி, அனந்தன் பேருல ஊரு இருக்கு, சரி. ஆனா அரிசிமாவு படி போட்டுத்தான் தாறான்.”

வருஷம் முழுக்க இதே கூத்து. பரீட்சை வந்தது. முடிந்து நேரே கடைக்கு வந்தார். முகம் வெந்து ஆறின இலை நிறத்தில் இருந்தது.

“என்ன சாமி, ஹைப்பர்போலா வரலியா?”

“வந்துது. பிரமாதமா எழுதினேன்.”

“பின்ன என்ன?”

“கோன்னு எழுதறதுக்குப் பதிலா அப்பம்னு எழுதிட்டேன் பிள்ளே.”

“ஒரு எடத்துலயா?”

“ஆதியோடந்தம். ‘லெட் டூ ஈக்வல் அப்பம்ஸ் பி பிளேஸ்ட்’னு ஆரம்பிச்சேன். கடைசி வரிக்கு வந்தப்போதான் கண்ணிலே பட்டுது. மணி அடிச்சுட்டா.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஓலை ஆடியது. நான் ஆறுதல் சொன்னேன். “அதுக்கென்ன, திருத்துகவனுக்கு அப்பம் தெரியாதா?”

“தெரியும். அதுதான் தொந்தரவு. பேப்பர் வேற ஊருக்குப் போறது. அவாளுக்கு அப்பம்னா சட்டியிலே ஊத்தற சப்பட்டை அப்பம். அதை எந்தப் பக்கம் அறுத்தாலும் ஹைப்பர்போலா வராது பிள்ளே.”

வரவில்லை. ரிசல்டில் அவர் நம்பர் இல்லை. அந்த வாரமே டிரங்குப் பெட்டியும் கையுமாகத் தேயிலை லாரியில் ஏற்றிவிட்டார் அப்பா. அப்பத்துக்காக மலை ஏறியவர் என்று காலேஜில் கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

நான் விடவில்லை. என் அப்பத்தால் ஒருவர் தோற்றார் என்று ஊரில் பெயர் நிற்கலாமா? லாரி டிரைவர் தங்கப்பனைப் பிடித்து, தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் இரண்டு கும்பிளப்பம் கொடுத்தனுப்பினேன். தோட்டத்திலிருந்தே பரீட்சை எழுதப்போகிறார் என்று தங்கப்பன்தான் சேதி கொண்டுவந்தான். அப்பத்தைப் பற்றிய சேதி வேறு மாதிரி இருந்தது.

“பிள்ளேச்சா, அந்த வளைவிலே எல்லாம் அப்பம் நிக்கில்லா. சதஞ்சு நசுங்கிப் போயி. சாமி அதைப் பாத்து, இது ஒரு ஷேப்பிலயும் சேராதுன்னு சொன்னாரு.”

அடுத்த தடவை பஞ்சு சுற்றி அனுப்பினேன். “அது?”

“அது கல்லாறு வரை நல்லா இருந்நு.”

“அப்புறம்?”

“கல்லாறிலே எனக்கு விசந்நு. நல்ல பசி.”

இதற்கிடையில் அங்கே சாமி காய்ந்த தேயிலைக் குவியலைப் பார்த்திருக்கிறார். குவித்துக் கொட்டினால் கூம்புதானே. பலகை ஒன்றை எடுத்துச் சரிவாகச் செருகி, பாராபோலா பார்க்க முயன்றிருக்கிறார். குவியல் சரிந்து அரைத்த தூளோடு கலந்துவிட்டது. தோட்டத்துத் துரை தோட்டமே அதிரக் கத்தினாராம். கொழுந்து பறிக்கிற லயத்துப் பெண்கள் மழைக்குக் கம்பளியைக் கூம்பாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போனால்கூட, ரைட்டர் சாமி வேலியோரம் நின்று பார்க்கிறார் என்று புகார். அவர் பார்த்தது கம்பளியைத்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்வேன்.

பரீட்சைக்கு லீவு போட்டு இறங்கி வந்தார். மெலிந்திருந்தார், தாடி வேறு. நான் இரண்டு அப்பத்தை உரித்து முன்னால் நிறுத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“எடுத்துடும் பிள்ளே. தேயிலை நிக்க மாட்டேங்கறது, உம்மது நிக்கறது, எல்லாம் சரி. ஆனா இதைப் பாத்தா கை தன்னால அப்பம்னு எழுதிடும். இந்தத் தடவையும் போனா லீவுகூடக் கிடையாது. அங்கேயே இருக்க வேண்டியதுதான்.”

நான் கரண்டியால் பாய்லரில் தட்டினேன். கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். “இங்க கேளுங்க. இன்னைக்குத் தொட்டு இந்தக் கடையில இதுக்குப் பேரு கோன். அப்பம்னு சொல்லுகவனுக்கு டீ கெடையாது.”

பாளையத்தில் என் டீயைக் குடிக்காமல் யாராலும் இருக்க முடியாது. “ரெண்டு கோன் தா பிள்ளே.” “கோனில வெல்லம் போராது.” “நேத்துள்ள கோன் மிச்சம் இருக்கா?” ஸ்கூல் வாத்தியார் ஒருவர் மறந்துபோய் அப்பம் என்றார். வாத்தியார் என்றும் பார்க்காமல் வெறும் வெந்நீர் கொடுத்து அனுப்பினேன். சாமி மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே கணக்குப் போட்டார். பரீட்சைக்குக் கிளம்பும்போது அவரே, “பிள்ளே, இந்தக் கோன் கொஞ்சம் சாஞ்சிருக்கு,” என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது.

பின்னால் ரொம்ப வருஷம் கழித்து இந்த ஊருக்கு ஐஸ்கிரீம் கோன் வந்தபோது புதுசு புதுசு என்று ஓடினார்கள். நான் ஓடவில்லை. பாளையத்தில் கோன் விற்ற முதல் ஆள் நான்.

ரிசல்ட் வந்த அன்று மலையிலிருந்து லாரி வந்து கடை வாசலில் நின்றது. தங்கப்பன் முதலில் குதித்தான். பின்னால் டிரங்குப் பெட்டி இறங்கியது, அதற்குப் பின்னால் சாமி. பெட்டி இறங்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் போகிறவர் பெட்டியைக் கொண்டுவர மாட்டார்.

ஒரு கோனை எடுத்து நிறுத்தினேன். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், நூல் வெளியே வரப்போகிறது என்று. சாமி இலையை உரித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூக்குப் பக்கமாகக் கடித்தார்.

தங்கப்பன்தான், “சாமி, ஆசாரம்?” என்றான்.

“வாக்குக் கொடுத்திருக்கேனாக்கும்,” என்றார், வாய் நிறைய.

“எப்படி இருக்கு சாமி?” என்று கேட்டேன். ஊரே புகழ்கிற பண்டம், நான் கேட்டிருக்கவே தேவையில்லை.

“ஏலக்காய் கொஞ்சம் கூடிப்போச்சு பிள்ளே.”

ஏலக்காய் கூடவில்லை. இன்றைக்கும் சொல்வேன், கூடவில்லை. வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் கடையிலிருந்து இறக்கிவிட்டிருப்பேன்.

அவர் பி.ஏ. முடித்து, எங்கோ வடக்கே ஒரு காலேஜில் கணக்கு சொல்லிக் கொடுக்கப் போனார். ஊருக்கு வரும்போதெல்லாம் வருவார். எப்போது வருவார் என்று சொல்லிவிட்டு வருகிற பழக்கம் கிடையாது. அதனால் இன்றும் என் ஹோட்டலில் காலையில் முதல் ஈடு இறங்கினதும் இரண்டு கும்பிளப்பத்தைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். ஒன்று அவர் அறுக்க, ஒன்று அவர் தின்ன. ஏலக்காயைக் கொஞ்சம் குறைத்துத்தான் போடச் சொல்லியிருக்கிறேன்.