ஆடுசதை ஆடிய கதை

மூன்றாவது நாளாகப் பத்தரை மணிக்குப் பிழைதிருத்துநரின் வலது காலில் ஆடுசதை துடித்தது. முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம், தோலுக்குள் தேனீ மாட்டிக்கொண்டதுபோல விர்ரென்று ஒரு துடிப்பு.

கால்சட்டையைச் சுருட்டி, காலைத் தூக்கிப் பார்த்தார். அடங்கிவிட்டது. மறுபடி மேசைக்கடியில் காலை நீட்டினார். துடித்தது.

"பாத்தா நிக்குது, பாக்காட்டி துடிக்குது. இது லேசுப்பட்ட வியாதி இல்ல," என்று முணுமுணுத்தார்.

பாடநூல் பதிப்பகத்தில் பதினான்கு வருடங்களாக அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவர். சன்னலோர மேசை அவருக்குப் போன வாரம்தான் கிடைத்தது. அந்த வெளிச்சத்தை அனுபவிக்க விடாமல் கால் படுத்தியது.

கைபேசியில் தேடினார். முதல் கட்டுரையிலேயே 'நறம்பு' என்று எழுதியிருந்தார்கள். அதை மனதுக்குள் திருத்திவிட்டுத்தான் பயப்பட ஆரம்பித்தார். துடிப்பில் தொடங்குமாம், பிறகு தசை சுருங்குமாம், கடைசியில் கரண்டியைக்கூடத் தூக்க முடியாதாம்.

வீட்டுக்குப் போனதும் மனைவியின் தையல் நாடாவை எடுத்து இரண்டு கால்களையும் அளந்தார்.

"வலது கால் ஒரு நூல் சின்னதா இருக்கு."

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். நாடாவை எடுத்த இடத்துல வைங்க."

சுருங்குகிற தசையைச் சும்மா விடலாமா? நுனிக்காலில் எம்பி எம்பி இறங்கினார். காலையில் நூறு, மாலையில் நூறு. நான்காம் நாள் அலுவலக மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நொண்டி ஏற வேண்டியதாயிற்று. அடுத்த அறிகுறியும் வந்துவிட்டது என்று முடிவுகட்டினார்.

காபி குடித்தால் தசை துடிக்கும் என்று இன்னொரு கட்டுரை சொன்னது. காபியை நிறுத்தினார். தலைவலி பிடித்துக்கொண்டது. தலைவலியில் எழுத்தெல்லாம் நீந்தியது. அந்த நீச்சலில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தின் அட்டை அவர் கண்ணுக்குத் தப்பி, அச்சாகியே வந்துவிட்டது: 'எங்கள் பல்லிக்கூடம்'.

மேலாளரம்மா புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"இத்தனை வருஷத்துல உங்க முதல் தப்பு. அதுவும் அட்டையில. என்ன ஆச்சு உங்களுக்கு?"

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனாலும் சொல்லிவிட்டார்.

"மேடம், எனக்கு நாள் அதிகம் இல்ல. லகரமும் ளகரமும் தெரிஞ்ச ஒருத்தரை இப்பவே பாத்து வைங்க."

மேலாளரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "முதல்ல கிளம்பிப் போய் டாக்டரைப் பாருங்க. பல்லியை நான் பாத்துக்கறேன்."

நரம்பு மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, இதுவரை கேலி செய்துகொண்டிருந்த மனைவி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

மருத்துவர் சுத்தியலால் முட்டியில் தட்டினார். குதிகாலில் நடக்கச் சொன்னார். ஊசி குத்திப் பரிசோதித்தார்.

"காலு கல்லு மாதிரி இருக்கு. வலி நீங்க எம்பி எம்பி வரவழைச்சது. ஆமா, துடிப்பு எப்போ வருது?"

"பத்தரைக்கு ஒரு தடவை, மூணு மணிக்கு ஒரு தடவை. ஆபீஸ்ல மட்டும்தான் டாக்டர்."

"ஆபீஸ் போனா மட்டும் வர்ற வியாதி நிறைய பேருக்கு இருக்கு. அதுக்கு மருந்து கிடையாது. பேசாம காபியைக் குடிங்க."

வெளியே வந்ததும் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாடாவை இனிமே தொட்டீங்கன்னா பாருங்க," என்றாள். எதிர்க்கடையில் இரண்டு காபி குடித்தார்கள். பத்து நாள் கழித்துக் குடித்த காபி நெஞ்சுவரை இனித்தது. நொண்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் பத்தரைக்கு ஆடுசதை துடித்தது. அவர் அசையவில்லை. 'துடிச்சுக்கோ, எனக்கென்ன வந்தது' என்று பழைய சிநேகிதனிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டினார்.

தரை துடைக்கிற அம்மா வாளியோடு வந்து மேசைக்கடியில் குனிந்தாள்.

"காலை எடுங்க சார். நீங்க காலைச் சாய்ச்சிருக்கிறது மேசைச் சட்டம் இல்ல, தண்ணிக் குழாய். கீழ மோட்டார் போட்டா இப்படித்தான் கிடந்து உதறும். உங்களுக்கு முன்னாடி இங்க இருந்தவரு, பாவம், என்னமோ நரம்பு வியாதி வந்துடுச்சுன்னு வேலையையே விட்டுட்டுப் போயிட்டாரு."