நான் எங்கே இருக்கிறேன் என்பது பற்றி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். எங்கே நலமாக இருக்கிறேன் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் முகவரி எழுதவில்லை.

போன மாதம் உங்கள் வீட்டில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, குடும்பத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் அந்தச் செயலியை என் போனில் போட்டீர்கள். நிபந்தனைகளைப் படித்துச் சம்மதிக்கிறாயா என்று அது கேட்டது. "படிச்சுப் பாக்க வேண்டாமாக்கா?" என்றேன். "அதையெல்லாம் எவன்டா படிக்கிறான்?" என்று என் கட்டைவிரலில் இருந்த சோப்பு நுரையைத் துடைத்து, அதைப் பிடித்து நீங்களே அழுத்திவிட்டீர்கள். விரல் என்னுடையது, சம்மதம் உங்களுடையது.

அன்றிலிருந்து என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் ஒரே மைதானத்தைத்தான் சுற்றுவான், அக்கா! அதற்குப் போன் செய்து, "வழி தெரியலைன்னா யாரையாவது கேளேன்டா" என்கிறீர்கள். பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்குப் போனால், "அங்க என்ன இவ்வளவு நேரம், வயிறு சரியில்லையா?" என்கிறீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று என்னிடம் கற்கும் பல் டாக்டருக்கு லைசென்ஸ் டெஸ்ட். பின் இருக்கையில் அதிகாரி, உம்மென்று. என் போன் வண்டி ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததா, நடுவில் உங்கள் அழைப்பு வந்ததா, டாக்டர் பதற்றத்தில் எந்தப் பொத்தானையோ தட்டினாரா, வண்டி முழுக்க உங்கள் குரல்: "சுத்தினது போதும், பேசாம வீட்டுக்குப் போ!" மேலிடத்து உத்தரவு என்று நினைத்த டாக்டர், சிக்னலையெல்லாம் மதித்து ஓட்டி, தன் வீட்டு வாசலில் அழகாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். "யாருய்யா அந்தம்மா? எனக்கும் மேல ஆபீசரா?" என்று அதிகாரி கத்தினார்.

மாலையில் முதலாளி கூப்பிட்டு, "இன்னொரு தடவை அந்தக் குரல் வண்டியில கேட்டுதுன்னா, நீங்க வேற வேலை பாத்துக்குங்க" என்றார். இந்த வயதில் எனக்கு வேறு என்ன வேலை தெரியும்? ஆகவே கோபித்துக்கொள்ளாமல் என்னை அந்தச் செயலியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு மனுஷன் எங்கே போகிறான் என்பது அவனாகச் சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரிய வேண்டும். கூடப்பிறந்தவர்களுக்கும் இதுதான் நியாயம்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் போனில் நீலப் புள்ளியாக நகரும் தம்பி

பி.கு.: அதே செயலியில் நீங்களும் தெரிகிறீர்கள். தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு, செவ்வாய்தோறும் இதய மருத்துவமனையில் என்ன செய்கிறீர்கள்? மாமாவுக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. என்னை அதிலிருந்து எடுத்துவிடாதீர்கள். வரும் செவ்வாய் உங்கள் வாசலில் வண்டியோடு நிற்பேன். சம்மதமெல்லாம் கேட்கப் போவதில்லை.