கட்டுக்காரரும் ரெடியாகாத பிக்கப்பும்

பழைய பிக்கப் வண்டியைப் பழுது பார்ப்பதில் எங்கள் கட்டுக்காரரை மிஞ்ச சித்தூர் ஜில்லாவில் ஆள் கிடையாது. ஜில்லாவை இரண்டாகப் பிரித்த பிறகு இரண்டிலுமே கிடையாது. அதே சமயம், பழுது பார்த்து முடிப்பதில் அவரைவிடப் பின்தங்கியவரும் கிடையாது. இந்த இரண்டு சாதனையையும் ஒரே மனிதர், ஒரே வண்டியை வைத்துக்கொண்டு செய்தார்.

புத்தூர் என்றால் எலும்புக் கட்டு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கை ஒடிந்தவர்களும் கால் ஒடிந்தவர்களும் மூன்று மாநிலத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்து இறங்குவார்கள். எங்கள் தெருக்காரர் கட்டுப் போட்டது வண்டிக்கு. முன்பு பவர்லூம் வைத்திருந்தவர். அறுந்த நூலைப் பார்க்காமலே முடிச்சுப் போடும் விரல்கள். தறிகளை விற்றுவிட்டு ஒரு கிழட்டு டீசல் பிக்கப்பை வாங்கினாரே தவிர, விரல்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. ரப்பர் குழாய் கிழிந்தால் துணிக் கட்டு. சைலன்சர் தொங்கினால் கம்பிக் கட்டு. கதவு மூடாவிட்டால் சேலைக் கரையில் ஒரு கட்டு. அவருடைய சொந்தப் பெயர் என் காதில் முதலில் விழுந்ததே கேஸ் சிலிண்டர் வந்த ஒரு நாளில்தான். அப்படி யாரும் இந்தத் தெருவில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒருமுறை முழங்கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு வெளியூர்க்காரர் ஆட்டோவில் வந்தார். கட்டுப் போடுகிறவர் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். தெருமுனைக் கடைக்காரர் மனசாட்சியோடு வழி காட்டிவிட்டார். கட்டுக்காரர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டாமலே கேட்டார்:

"முன்னாடி அடியா, பின்னாடி அடியா?"

வந்தவர் ஒடியாத கையால் ஆட்டோவைத் திருப்பச் சொன்னார்.

அந்த பிக்கப் என்ன கம்பெனி என்று கேட்டால், எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். முகம் ஒரு கம்பெனி, எஞ்சின் வேறு கம்பெனி, பின்தொட்டி பக்கத்து ஊரான நகரியில் ஒரு வெல்டர் செய்தது. நிறம் ஒருகாலத்தில் வெள்ளை. கட்டுக்காரரின் லட்சியம் மட்டும் மாறவே இல்லை. "வண்டின்னா ரெண்டு வேல சாரு. தெனம் ஓடணும். பின்னால இன்னாத்த கட்னாலும் இழுக்கணும். ஒண்ணுத்த மட்டும் செஞ்சா அது வண்டி இல்ல."

'சாரு' என்பது நான். திருப்பதியில் ஓர் அலுவலகத்தில், மற்றவர்கள் கம்ப்யூட்டரில் செய்த தவறுகளை எடுத்துவிட்டு என்னுடைய தவறுகளைப் போடுவது எனக்கு உத்தியோகம். மாலை ரயிலில் வந்து இறங்கி, வீட்டுக்குப் போகும் முன் அந்த வண்டியருகே ஒரு மணி நேரம் நிற்பது பழக்கம். டார்ச்சைப் பிடிக்கச் சொல்வார். பிடிப்பேன். "அங்க இல்ல சாரு" என்பார். என் வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையாக யாரும் என்னைத் திருத்தியதில்லை.

வண்டியின் இழுக்கும் திறமையை முதலில் பிள்ளையார் சதுர்த்தியன்றுதான் ஊர் பார்த்தது. தெருப் பிள்ளையாரை ட்ரெய்லரில் ஏற்றி, பிக்கப்பின் பின்னால் கட்டினார்கள். மேளம் கொட்ட, கட்டுக்காரர் கியரைப் போட, வண்டி கம்பீரமாகக் கிளம்பியது. பிள்ளையார் கிளம்பவில்லை. பின்பக்க பம்பரும் அவரோடு தங்கிவிட்டது. சனம் கத்துவதையெல்லாம் பக்தி என்று நினைத்துக்கொண்டு கட்டுக்காரர் ஏரிவரை போய்விட்டார். மறுநாளே அடிச்சட்டத்தோடு சேர்த்து ஒரு இரும்புக் கொக்கியைப் பற்றவைத்தார். அது எங்கள் தெருவையே இழுக்கும் என்றார்.

இத்தனையும் எதற்காக என்று சொல்லவேண்டும். அவர் மனைவி, நாங்கள் அண்ணி என்று கூப்பிடுகிற அம்மாள், பலமனேரில் இருந்தார்.

வண்டி வந்த புதிதில் கட்டுக்காரர் எஞ்சின் உதிரிகளை டீசலில் ஊறவைக்க நல்ல அகலமான பாத்திரம் தேடியிருக்கிறார். அண்ணி தோசை மாவு கரைக்கும் அண்டா கண்ணில் பட்டது. "கழுவி வெச்சிட்டேன் சாரு, அதான் தப்பு. கழுவாம வெச்சிருந்தா அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்" என்பது அவர் தரப்பு வாதம். அன்று அந்த வீட்டில் தோசை சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன். அதற்கு மேல் விவரிக்கவில்லை. வண்டியா நானா என்று அண்ணி கேட்டார். கட்டுக்காரர் யோசித்தார். யோசித்ததுதான் வினை. அண்ணி பலமனேரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய், பெங்களூர் ரோட்டில் ஒரு டிபன் பண்டி போட்டுவிட்டார். பண்டி என்றால் சக்கரம் வைத்த கடை: மேலே தகரக் கூரை, நடுவே தோசைக்கல், கீழே சிலிண்டர். நன்றாக ஓடுகிறது என்று கேள்வி.

போன் பேசுவார்கள். கட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார்.

"இன்னாய்யா, வண்டி ரெடி ஆச்சா?"

"ஆயிக்கினே கீது."

"போன தபாவும் இத்தயேதான் சொன்ன. வர்றதா இருந்தா என் பண்டியயும் இழுத்துக்கினுதான் வருவேன். நட்டநடு காட்ல நின்னுச்சின்னு வெச்சிக்க, நான் எறங்கி பஸ் ஏறிப் பூடுவேன்."

"நிக்காது."

"மொதல்ல கெளம்பட்டும். அப்பறம் நிக்கறத பத்தி பேசலாம்."

கிளம்பியது என்பதுதான் விஷயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரும்பு ஏற்றிய ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு நகரிவரை போய் வந்தார். எங்கும் நிற்கவில்லை. ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை. தெருவே வந்து பார்த்தது. நான் உணர்ச்சிவசப்பட்டு மைசூர்பாகு வாங்கி வந்தேன். "அப்ப நாளைக்கே பலமனேருதானே அண்ணே?" என்றேன். "பின்ன?" என்றார்.

மறுநாள் மாலை வந்து பார்த்தால் பானெட் திறந்திருந்தது. ரேடியேட்டர் தரையில் கிடந்தது.

"என்ன அண்ணே இது?"

"சவுண்டு ஒரு மாரி கீது சாரு."

ரேடியேட்டர் அதன் இடத்துக்குத் திரும்பப் போனது. வண்டி பூனை மாதிரி உறுமியது. கியர் பெட்டி இறங்கியது. அது ஏறியது. பிரேக் இறங்கியது. ஒவ்வொரு முறையும் வண்டி நன்றாக ஓடுகிறது என்று நிச்சயமான மறுநாளே எதையாவது கழற்றிவிடுவார். எனக்கு எதுவும் சீக்கிரம் புரியாது. அலுவலகத்தில் அதற்காகவே என்னை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒருநாள் டார்ச்சைப் பிடித்தபடி கேட்டுவிட்டேன்.

"வண்டி நல்லாத்தானே இருக்கு அண்ணே?"

அடியில் ஒரு நட்டை முறுக்கி முடித்தார். பிறகு சொன்னார்.

"நல்லாத்தான் கீது. இது ரெடி ஆவாத வரிக்கும் அவ வராததுக்கு இதான் காரணம். ரெடி ஆயி, நான் போயி கூப்ட்டு, அப்பயும் வரலன்னுட்டா? அப்ப காரணம் யாரு, நான்தான? டார்ச்ச இப்பிடி காட்டு சாரு. அங்க இல்ல."

இதற்குச் சில நாள் கழித்து அண்ணி என்னைப் போனில் கூப்பிட்டார். பின்னணியில் தோசைக்கல் சீறிக்கொண்டிருந்தது.

"சார், நீங்க சொல்லுங்க. அந்த வண்டி ஓடுதா ஓடலியா?"

"ஓடுது அண்ணி. அதனாலதான் பிரிக்கிறாரு."

கல் சீறியது. தோசை தீய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்புறம் அண்ணி சொன்னார்: "காணிப்பாக்கம் இட்டுக்கினு போங்க சார். குடிகாரனுங்க கணக்கா அந்தாளும் சத்தியம் பண்ணட்டும். என் கண்ணு முன்னால வந்து நிக்கிற வரிக்கும் ஸ்பேனர தொடமாட்டேன்னு."

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டு நிம்மதியாக இருந்தவன் எங்கள் பக்கத்தில் கிடையாது. வாய்க்கால் தகராறிலிருந்து சாராயம்வரை அங்கேதான் தீரும். கட்டுக்காரர் எதிர்த்துப் பேசவில்லை. பிரேக்கைத் திரும்ப மாட்டினார். வண்டியிலேயே போனோம். குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு வரிசையில் நின்றார். முன்னும் பின்னும் குடியை விட வந்தவர்கள். பக்கத்தில் நின்ற ஒருவர், நீ எதை விடப்போகிறாய் என்று தெலுங்கில் விசாரித்தார். ஸ்பேனர் என்றார் இவர். அந்த மனிதர் இவருடைய எண்ணெய்க் கறை விரல்களைப் பார்த்தார், தோளைத் தட்டினார். முதல் வாரம் கை நடுங்கும், பிறகு சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னார்.

சன்னிதியில் கட்டுக்காரர் குருக்களிடம் பேரம் பேசினார்.

"ஸ்க்ரூ டிரைவர் சேருமா சாமி?"

"மனசுல என்ன நெனச்சேளோ அது எல்லாம் சேரும்."

"துணிக் கட்டு?"

"அதுவுந்தான். பின்னால ஆள் நிக்கறா பாருங்கோ."

சத்தியம் பண்ணி வெளியே வந்தவர் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நடந்தார்.

அங்கிருந்தே பலமனேருக்குக் கிளம்பி, சித்தூரைத் தாண்டி, பங்காருபாளையம் தாண்டி, மொகிலி மலைப்பாதை ஏறத் தொடங்கினோம். பாதி ஏற்றத்தில் பானெட்டிலிருந்து ஆவி வந்தது. ஓரங்கட்டித் திறந்தால் ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் பிளந்திருந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு கட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வகுப்பில் பதில் தெரிந்தும் சொல்லக்கூடாது என்று நிறுத்திவைக்கப்பட்டவர் மாதிரி இருந்தது முகம்.

"நீதான் சாரு."

"நானா?"

"வேற யாரு கீறாங்க? சூடு ஆறட்டும். அப்பறம் என் துண்ட கிழி. நீளமா கிழி. இது இன்னா, மூக்கு சிந்தவா கிழிக்கற?"

நான் கட்டினேன். இஸ்திரி போட்ட சட்டையோடு, வாழ்நாளில் செருப்புவார்கூடச் சரியாகக் கட்டாதவன், மலைப்பாதையில் ஓர் எஞ்சினுக்குக் கட்டுப் போட்டேன். அவர் என் தோளுக்கு மேலே குனிந்து மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். "சுத்து. இன்னொரு சுத்து. இழு. அய்ய, கொழந்தைய தூங்க வெக்கிற மாரி இழுக்கற. இழு சாரு." விரல்கள் முதுகுக்குப் பின்னால் என்னோடு சேர்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. பாட்டில் தண்ணீரையெல்லாம் ஊற்றினோம். எஞ்சின் கிளம்பியது. அவர் அந்தக் கட்டை வெகுநேரம் பார்த்தார்.

"அசிங்கமா கீது. ஆனா நிக்கும்."

எனக்குப் பதவி உயர்வு வந்த அன்றுகூட இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

பலமனேர் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்து குளிர் தொடங்கியிருந்தது. அண்ணியின் பண்டியைச் சுற்றி லாரிக்காரர்கள். கட்டுக்காரர் எதிரே வண்டியை நிறுத்தினார், இறங்கவில்லை. கண்ணாடியில் பார்த்துத் தலையைக் கோதினார். மறுபடி கோதினார். இத்தனை நாள் எதைக் கண்டு பயந்து ரேடியேட்டரைக் கழற்றினாரோ, அது சாலைக்கு அந்தப் பக்கம் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தது. இனிக் கழற்ற எதுவும் இல்லை.

போய் நின்றார். அண்ணி முதலில் வண்டியைப் பார்த்தார். பிறகுதான் இவரை.

"கூப்ட வந்தேன்" என்றார் கட்டுக்காரர்.

அண்ணி ஒரு தோசையைத் திருப்பினார். இன்னொன்றை ஊற்றினார். ஒரு லாரிக்காரருக்குச் சட்னி போட்டார்.

"எளச்சிகினு வந்துகீற. துன்னியா?"

"இல்ல."

"உக்காரு."

பெஞ்சில் உட்கார்ந்தார். தட்டு வந்தது. குனிந்து சாப்பிட்டார். அண்ணி அடுத்த தோசையைப் பார்த்தபடியே பேசினார்: "இந்தப் பண்டிய வீட்லந்து இங்க தள்ளிக்கினு வர்றதுக்குள்ள தெனம் எனக்கு உசுரு போவுது. மேடு. ஆள கூப்ட்டா ஒருநாள் வரான், ஒருநாள் வரல. நாளிக்கு காலைல நீ இத்த இழுத்துக்கினு வா. புத்தூரு போறத அப்பறம் பாத்துக்கலாம்."

கட்டுக்காரர் தலை நிமிரவில்லை. "இன்னொண்ணு போடு" என்றார். நான் பஸ்ஸைப் பிடிக்கப் போனேன்.

அந்த 'அப்பறம்' இன்னும் வரவில்லை. போனில் கேட்பேன். "தெனம் ஓடுது சாரு, தெனம் இழுக்குது" என்பார். எப்போது ஊருக்கு என்றால், "அவ இன்னும் ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. கேட்டாதான சொல்லுவா" என்பார். எங்கள் தெருவில் வண்டி நின்ற இடத்தில் இப்போது யாரோ வெள்ளைக் கார் நிறுத்துகிறார்கள். சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பிவிடுகிறது. பக்கத்தில் நின்று பேச நேரமே தருவதில்லை. மாலையில் ரயிலைவிட்டு இறங்கினால் நேரே வீட்டுக்குப் போய்விடுகிறேன். இவ்வளவு சீக்கிரம் வந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

மாதம் ஒருமுறை பெங்களூரில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். பெங்களூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. டிக்கெட்டும் பலமனேர் வரைக்கும்தான் எடுக்கிறேன்.