மந்திரவாதிக்கு ஒரு பிழைதிருத்தப் பத்திரம்

உலகத்திலேயே இல்லாத ஒரு மந்திரவாதிக்கு வில்லங்கச் சான்று கேட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் இராமநாதபுரத்தில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். சொந்த ஊர் கமுதிப் பக்கம். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும்; நாங்கள் கேட்டதில்லை. வாயைத் திறந்தாலே 'இந்த ஷரத்துப்படி' என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் ஷரத்து அண்ணன்.

செல்போனுக்கு வருகிற அழைப்பு இலவசமான புதுசு அது. நான் அங்கே கணக்கு வாத்தியார். லாட்ஜில் பக்கத்து அறைக்காரன் கீழக்கரை சலீம், மருந்துக் கம்பெனி ரெப். ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் ஷரத்து அண்ணன் கடையில் ஆஜர்.

சிங்கப்பூரிலிருந்து வந்த யாரோ விட்டுப்போன ஒரு ஆங்கிலப் புத்தகத்தின் ஜெராக்ஸ் அவரிடம் இருந்தது. முதல் பக்கத்தில் 'விதிகள்' என்று பார்த்ததுமே மனுஷன் கிறங்கிவிட்டாராம். பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டு அது. ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்ள வேண்டும். பலம் இவ்வளவு, புத்தி இவ்வளவு என்று காகிதத்தில் எண்கள் இருக்கும். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் அதற்குள் புகுந்து ஆடுவார்கள். மதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் மூன்று ஊர்க் குழுக்களும் ஒரே கதையை ஆடின. ஒரு ஊர்ப் பாத்திரம் இன்னொரு ஊர் மேஜையிலும் செல்லுபடியாக வேண்டும் என்பதால் எல்லோருக்கும் பொது விதி. எங்கள் ஊரில் கதை நடத்துபவர் எப்போதுமே ஷரத்து அண்ணன்தான்.

என் பாத்திரம் ஒரு மந்திரவாதி, பெயர் கடம்பன். உருவாக்கிய அன்று வரிசை மாறி, பெரிய எண்ணைப் பலத்துக்கும் சின்ன எண்ணைப் புத்திக்கும் எழுதித் தொலைத்துவிட்டேன். பனைமரத்தை வேரோடு பிடுங்குவான். மந்திரத்தில் இரண்டாவது வரி மறந்துபோகும். அப்படியே இரண்டு வருடம் ஓட்டினேன். மதுரையில் மூன்று ஊர்க் கூட்டம் என்று அறிவிப்பு வந்ததும் மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

"அண்ணே, ரெண்டு நம்பர மாத்திப் போட்டுக்கிறேன். ரப்பர் குடுங்க."

எல்லைக்கல்லைப் பிடுங்கக் கடப்பாரை கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ரப்பரா? ஏலே, நீ வாத்தியாரா, போலிப் பத்திரம் போடுறவனா?"

பாத்திரத்தை ஆயுளில் ஒரே முறை மாற்றியமைக்கலாம், பெயரை மட்டும் மாற்றக்கூடாது. பொது விதியில் அவ்வளவுதான் இருந்தது. ஷரத்து அண்ணன் மதுரைக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதி அதைப் பதினான்கு ஷரத்து ஆக்கியிருந்தார். அதே மேஜையில் உடன் ஆடிய இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து. ஏழு நாள் பொது அறிவிப்பு. அப்புறம் வில்லங்கம்.

"மூணாவது கதையில அந்த அரக்கிக்கு அஞ்சு வருசத்துல திரும்பி வாரேன்னு வாக்குக் குடுத்தேல்ல? அது அப்படியே தொடரும். சம்மதமா?"

"சம்மதம்ணே."

"வாயால சொல்லாத. எழுது."

'பாத்திரம் மாற்றியமைத்தல், ஆட்சேபணை உள்ளோர் தெரிவிக்கவும்' என்று கடை வாசலில் அறிவிப்பு ஒட்டினார். மூன்றாம் நாள் திருப்புல்லாணியிலிருந்து ஒரு அம்மா ஓட்டைப் பித்தளை அண்டாவோடு வந்து இறங்கினார்.

"இங்கன பாத்திரம் மாத்தித் தாரீகளாமே?"

ஷரத்து அண்ணன் நிமிரவே இல்லை. "இதுக்கு முன்னால மாத்தியிருக்கீகளா?"

"போன வருசம் அடி மாத்துனேன்."

"அப்ப முடியாதும்மா. ஒரு தடவதான்."

அந்த அம்மா தெருமுனைவரை திட்டிக்கொண்டே போனார்.

ஆறாம் நாள் உண்மையாகவே ஒரு ஆட்சேபணை வந்தது. கொடுத்தவன் சலீம்!

"மாப்ள, போன வருசம் வெள்ளத்துல என்னைய நீதான் தோள்ல தூக்கிக் கரையேத்துன. இப்ப நீ நோஞ்சானாயிட்டா, அன்னிக்கு என்னைய யாரு தூக்குனா? நான் செத்துட்டேனா?"

கிண்டல் இல்லை. அவனுடைய பாத்திரமான வில்லாளி அவனுக்குப் பிள்ளை மாதிரி. முகம் வெளுத்திருந்தது.

ஷரத்து அண்ணன் இரண்டு ஞாயிறு யோசித்தார். ஆட்டம் ரத்து. மூன்றாம் ஞாயிறு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீர்ப்பை வாசித்தார்: "திருத்தம் இன்னிக்குத் தேதியிலருந்துதான் அமல். முன்தேதியிட்டுச் செல்லாது. தூக்குனது தூக்குனதுதான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சலீம் நாற்காலியில் சாய்ந்தான். சாட்சிக் கையெழுத்தும் அவனே முதலில் போட்டான்.

மதுரைக்கு மூவரும் பஸ்ஸில் போனோம். ஷரத்து அண்ணன் புதுச் சட்டை. கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் அவருடைய சொந்தப் பாத்திரம். இத்தனை வருடம் எங்களுக்குக் கதை நடத்தினாரே தவிர, அவர் ஆடியதில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக ஆடப்போகிறார். பாத்திரம் ஒரு கப்பல் மாலுமி. கமுதிக் கரிசலில் பிறந்த மனுஷனுக்கு அப்படி ஒரு ஆசை.

கல்யாண மண்டப வாசலில் கண்ணாடி போட்ட ஒரு பெண் காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மாலுமியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"சார், இது பழைய புத்தகத்துல இருந்த வகை. இப்ப எடுத்துட்டாங்க. மாத்தியமைச்சுக் குடுத்திருங்க, பத்து நிமிஷ வேலை."

"ரெண்டு சாட்சி வேணுமேம்மா."

"இந்த ரெண்டு சாரும் போடட்டும்."

"இவுக என்கூட ஆடுனதில்ல." குரல் இறங்கிவிட்டது. "நான் நடத்துவேன், இவுக ஆடுவாக. என்கூட யாரும் ஆடுனதே இல்லம்மா."

"யார் சார் பாக்கப் போறா?"

"பொய்ச்சாட்சி வச்சு நான் ஒரு பத்திரம் எழுதுனதில்ல." கவரைச் சுருட்டிக்கொண்டு, செருப்புகள் கிடந்த படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே மணி அடித்தது. எங்கள் மேஜைக்குக் கூப்பிட்டார்கள்.

"போலாமா மாப்ள?" என்றான் சலீம்.

"வேணாம்டா."

படிக்கட்டிலேயே உட்கார்ந்தோம். இங்கேயே ஒரு ஆட்டம் போட்டால் உடன் ஆடிய சாட்சி கிடைத்துவிடுமே, நான் கதை நடத்துகிறேன் என்றேன். ஷரத்து அண்ணன் இல்லையென்று தலையை ஆட்டினார்: "நடத்துறவன் சாட்சியாக முடியாது. பதினோராவது ஷரத்து." சலீம் ஒருவன்தான் தேறினான். இன்னொருவருக்கு எங்கே போவது?

கண்ணாடிப் பெண் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். "தள்ளி உக்காருங்க சார். நானும் ஆடுறேன்."

எனக்குக் கதை நடத்திப் பழக்கமில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நடுக்கடல், புயல், பாறையில் மோதப்போகிற கப்பல். பதினான்கு ஷரத்து எழுதிய மனுஷன் எதையாவது யோசித்தார் என்கிறீர்கள்? ஆழம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

"பாயை வெட்டுங்கடா! நான் குதிக்கிறேன்!"

எழுந்து நின்று கத்தினார். வாட்ச்மேன் கம்போடு ஓடி வந்தார். பகடை உருண்டு யாருடைய செருப்புக்குள்ளோ விழுந்தது, ஷரத்து அண்ணன் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்து, "ஆறு! ஆறு!" என்று கூவினார். கப்பல் முங்கியது. மாலுமி பிழைத்தார். சாட்சிகள் இருவரும் கையெழுத்துப் போட்டபோது உள்ளே ஆட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பரமக்குடி வரும்வரை ஷரத்து அண்ணன் கண்டக்டரிடம் அந்தப் புயலைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு கடைக்குப் போனால், கதை நடத்துபவரின் நாற்காலி காலியாகக் கிடந்தது. எதிர்ப்பக்கம் சலீமுக்குப் பக்கத்தில் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். மாற்றலாகிப் போகும்வரை நான்தான் நடத்தினேன். கடல் இல்லாத கதை ஒன்றுகூட அவருக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.